பச்சிளங்குழந்தைகளின் எச்.ஐ.வி. எதிர்ப்பாற்றலை ஆராய: விலங்கு மாதிரியைத் தேர்ந்து ஆய்வை வடிவமைப்பது எப்படி?

மருந்து கிடைக்காத நிலையில், எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் 2 வயதை எட்டுவதில்லை. அதே வைரஸ் தொற்றிய பெரியவர்களுக்கு, மருந்தே இல்லாவிட்டாலும், நோய் முற்றுவதற்குச் சராசரியாக 10 ஆண்டுகள் வரை ஆகின்றன. பெரியவர்களின் ரத்தத்தில் முதல் சில வாரங்களில் உச்சத்தைத் தொடும் வைரஸ் அளவு, டி செல்கள் (தொற்றை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) வினையாற்றத் தொடங்கியதும் ஏறத்தாழ நூறு மடங்கு சரிந்து ஒரு நிலையில் நிற்கிறது. குழந்தைகளிடம் அந்தச் சரிவு மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. ஆனால் இதே குழந்தைகளில் சிலர், பலவகை எச்.ஐ.வி.யையும் ஒருசேர முடக்கவல்ல எதிர்ப்பொருள்களைப் பெரியவர்களைவிட விரைவாக, பிறந்து ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே, உருவாக்கிவிடுகிறார்கள். பலவீனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத இந்த எதிர்ப்பாற்றலைப் புரிந்துகொள்ளத்தான் விலங்கு மாதிரிகள் தேவைப்படுகின்றன.

மனிதக் குழந்தைகளிடம் இதை நேரடியாக ஆராய்வதில் மூன்று தடைகள் உண்டு. வைரஸ் எந்த நாளில், எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. குடல், நிணநீர்க் கணு, மண்ணீரல் போன்ற, வைரஸ் உண்மையில் குடியிருக்கும் இடங்களிலிருந்து திசு எடுக்க முடியாது. தொற்று தெரிந்த உடனே மருந்து தொடங்குவது கடமை என்பதால் நோயின் இயல்பான போக்கைக் காண வழியில்லை, காணவும் கூடாது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டதாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. தடுக்கும் மருந்துகள் கையில் இருந்தும் இந்த எண்ணிக்கை நீடிப்பதால், பிறந்த உடனே கொடுக்கத்தக்க தடுப்பூசி, எதிர்ப்பொருள் ஆகியவற்றுக்கான தேடல் இன்னும் முடியவில்லை. இத்துறையில் முதல் ஆய்வைத் திட்டமிடும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் கேள்வி, பிறகு விலங்கு

எந்த விலங்கு கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்பக் கேள்வியை வளைப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. ஆகவே, ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் குழந்தையின் வயது, வைரஸ் நுழையும் வழி, அளக்கப்போகும் எதிர்வினை ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். "குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் எப்படி வேறுபடுகிறது?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "தாய்ப்பால் வழியாக வைரஸுக்கு உட்படும் முதல் சில மாதங்களில், தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சொந்தத் தடுப்பூசி எதிர்வினையைக் குறைக்கின்றனவா?" என்பது ஆய்வுக் கேள்வி. இரண்டாவது வாக்கியத்தை எழுதியதுமே தேர்வு பாதி முடிந்துவிடுகிறது: நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கடக்கும் விலங்கு வேண்டும், பால் குடிக்கும் பருவம் போதிய நீளமாக இருக்க வேண்டும், வாய்வழித் தொற்று சாத்தியமாக வேண்டும்.

நஞ்சுக்கொடியைப் பற்றிய இந்தக் குறிப்பை எளிதாகக் கடந்துவிட வேண்டாம். மனிதரிலும் குரங்கிலும் தாயின் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்கள் பிறப்பதற்கு முன்பே கருவுக்குச் சென்று சேர்கின்றன. பன்றிக்குட்டியோ அவை அறவே இல்லாமல் பிறந்து, சீம்பாலிலிருந்து எல்லாவற்றையும் பெறுகிறது. சுண்டெலிக்குட்டி பிறந்த பிறகும் பல நாள்களுக்குக் குடல் வழியாக எதிர்ப்பொருள்களை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தாய்வழி எதிர்ப்பொருளைப் பற்றிய கேள்விக்குச் சுண்டெலியில் கிடைக்கும் விடை, மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

ரீசஸ் குரங்குக் குட்டிகள்

குழந்தைகளைப் பற்றிய கேள்விகளில் பெரும்பான்மைக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மாதிரி, ரீசஸ் மக்காக் குரங்குகளின் குட்டிதான். இதன் கருக்காலம் சுமார் 165 நாள்கள். பிறக்கும்போது எடை அரை கிலோவை ஒட்டியிருக்கும். வளர்ச்சி மனிதக் குழந்தையைவிட மூன்று நான்கு மடங்கு வேகமானது என்பதால், குட்டியின் ஒரு வாரத்தை மனிதக் குழந்தையின் ஒரு மாதத்துக்கு நிகராகக் கொள்வது வழக்கம். இது தோராயமான கணக்கு மட்டுமே. உடல் வளர்ச்சிக்குப் பொருந்தும் இந்த விகிதம், எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்களின் முதிர்ச்சிக்கோ குடல் நுண்ணுயிர்களின் நிலைபேற்றுக்கோ அதே அளவில் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எச்.ஐ.வி. நேரடியாக மக்காக் குரங்குகளைத் தொற்றுவதில்லை. அவற்றின் செல்களில் உள்ள டிரிம்5 ஆல்ஃபா, அபோபெக்3ஜி போன்ற புரதங்கள் அதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகின்றன. ஆகவே இரண்டு வகை வைரஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முதலாவது எஸ்.ஐ.வி. என்னும் குரங்கு வைரஸ், இரண்டாவது, எஸ்.ஐ.வி.யின் உடலில் எச்.ஐ.வி.யின் உறைப்புரதத்தைப் பொருத்திச் செய்த எஸ்.எச்.ஐ.வி. என்னும் கலப்பு வைரஸ்.

டி செல் எதிர்வினை, நோயின் போக்கு, வைரஸின் பதுங்கிடங்கள் ஆகியவை உங்கள் அக்கறை என்றால் எஸ்.ஐ.வி. பொருத்தமானது. எஸ்.ஐ.வி.மேக்251 என்பது பல மாறுபாடுகள் கலந்த வைரஸ் கூட்டம், எஸ்.ஐ.வி.மேக்239 என்பது ஒரே மரபுத்தொடரிலிருந்து படியெடுத்தது. இயற்கையான தொற்றில் பல மாறுபாடுகளுள் எது உள்ளே நுழைகிறது என்று பார்க்க முதலாவதும், வைரஸ் எந்த இடத்தில் மாறித் தப்பிக்கிறது என்று துல்லியமாகத் தொடர இரண்டாவதும் உதவும். எதிர்ப்பொருள்களும் தடுப்பூசியின் உறைப்புரதமும் உங்கள் அக்கறை என்றால் எஸ்.எச்.ஐ.வி. இல்லாமல் வழியில்லை, ஏனெனில் எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் எஸ்.ஐ.வி.யின் உறையை அடையாளம் காண்பதில்லை. ஆனால் எல்லா எஸ்.எச்.ஐ.வி.யும் ஒன்றல்ல. தொடக்கக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட 89.6பி என்ற வகை, சில வாரங்களில் சி.டி.4 செல்களை (எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்கும் டி செல் வகை) அடியோடு அழித்துவிட்டது. மனித நோயில் அப்படி நடப்பதில்லை. இன்று செல்லுக்குள் நுழைய சி.சி.ஆர்.5 ஏற்பியைப் பயன்படுத்தும் எஸ்.எஃப்.162பி3 போன்றவையும், உறைப்புரதத்தின் 375-ஆம் இடத்தில் ஒற்றை அமினோ அமிலத்தை மாற்றிக் குரங்குச் செல்களின் மேலுள்ள சி.டி.4 புரதத்துடன் நன்றாக ஒட்டச் செய்த புதிய வகைகளும் பயன்படுகின்றன. பின்னவை மனிதரிடையே பரவிய வைரஸின் உறையை ஏறக்குறைய அப்படியே தாங்கி நிற்பதால், என் கணிப்பில் குழந்தைகளுக்கான தடுப்பூசி ஆய்வுகள் இவற்றை நோக்கியே நகர வேண்டும்.

வைரஸ்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். எஸ்.ஐ.வி.மேக் வைரஸில் உள்ள வி.பி.எக்ஸ். என்ற புரதம் எச்.ஐ.வி.-1-இல் கிடையாது, அது சாம்எச்டி1 என்ற தடுப்புப் புரதத்தை அகற்றுவதால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்களின் தொற்று இரு வைரஸ்களிலும் ஒரே மாதிரி இருக்காது. மூளைத் தொற்றைப் பற்றியோ மேக்ரோஃபேஜ் பற்றியோ முடிவு சொல்லும்போது இது கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும்.

குட்டிகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு 1995-இல் வெளிவந்த ஒரு முடிவு இன்றும் சரியான எடுத்துக்காட்டு. நெஃப் உள்ளிட்ட மரபுக்கூறுகளை நீக்கி வலுவிழக்கச் செய்த எஸ்.ஐ.வி., வளர்ந்த குரங்குகளில் நோய் உண்டாக்காமல் பாதுகாப்பும் தந்ததால், உயிருள்ள தடுப்பூசிக்கு வழி பிறந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அதே வைரஸை, பிறந்த குட்டிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது அவற்றுக்கு எய்ட்ஸ் வந்தது. வளர்ந்த விலங்கில் பாதுகாப்பானது என்று நிறுவப்பட்ட ஒன்றைக் குட்டிக்கும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது என்பதை அந்தக் குட்டிகள் தம் உயிரைக் கொடுத்து நிறுவின.

மனிதமயச் சுண்டெலிகளும் பிறவும்

சொந்த எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலியில் மனித ரத்தத் தண்டுசெல்களைச் செலுத்தி வளர்க்கும் மனிதமயச் சுண்டெலிகளில் உண்மையான எச்.ஐ.வி.யையே பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. தொப்புள்கொடி ரத்தத்தின் தண்டுசெல்களைப் பிறந்த சுண்டெலிக்குட்டியில் செலுத்தும் முறை 2004-இல் வெளியானது. எலும்பு மஜ்ஜை, கல்லீரல், தைமஸ் மூன்றையும் சேர்த்துப் பொருத்தும் பி.எல்.டி. சுண்டெலிகள் 2006-இல் வந்தன. வாய்வழியாக எச்.ஐ.வி. நுழைவதையும், மனிதத் தாய்ப்பால் அந்த நுழைவைப் பெருமளவு தடுப்பதையும் பி.எல்.டி. சுண்டெலிகளில்தான் 2012-இல் காட்டினார்கள். மருந்து, எதிர்ப்பொருள் ஆகியவற்றின் முதற்கட்டச் சோதனைக்கு இவை மிகவும் தகுந்தவை.

ஆனால் இவற்றைக் "குழந்தை மாதிரி" என்று அழைப்பதற்கு முன் நிதானிக்க வேண்டும். பொருத்தப்பட்ட செல்கள் தொப்புள்கொடியிலிருந்து வந்திருக்கலாம். அவை வாழும் உடலோ வளர்ந்த சுண்டெலியின் உடல். நிணநீர்க் கணுக்கள் முழுமையாக அமைவதில்லை. எதிர்ப்பொருள்கள் வகை மாறி முதிர்ச்சியடைவது குறைவு. தாய்-சேய் உறவு என்பதே இல்லை. பி.எல்.டி. முறைக்கு மனிதக் கருவின் திசு தேவைப்படுவதால் அறநெறி அனுமதியும் தனியாக வேண்டும். கணக்கீட்டில் ஒரு பொறியும் உண்டு. ஒரே கொடையாளரின் தண்டுசெல்களால் உருவான 12 சுண்டெலிகள், புள்ளியியல் பார்வையில் 12 தனித்தனி மனிதர்கள் ஆகமாட்டா. குறைந்தது மூன்று நான்கு கொடையாளர்களாவது இருக்குமாறு திட்டமிட்டு, கொடையாளரை ஒரு காரணியாகவே பகுப்பாய்வில் சேருங்கள்.

தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் எழுகிறதா என்று மட்டும் பார்ப்பதற்குச் சாதாரணச் சுண்டெலிக்குட்டியும் முயலும் போதும். பிறந்து ஒரு வாரமான சுண்டெலியின் எதிர்ப்பாற்றல் முதிர்ச்சியை மனிதப் பச்சிளங்குழந்தைக்கு ஒப்பிடுவது தடுப்பூசி ஆய்வில் நெடுநாள் வழக்கம். பூனைகளின் எஃப்.ஐ.வி. 1986-இல் கண்டறியப்பட்டது, தாயிடமிருந்து குட்டிக்கும் பரவும், ஆனால் அது செல்லுக்குள் நுழைய சி.டி.4-ஐ அல்ல, சி.டி.134-ஐப் பயன்படுத்துகிறது. சிம்பன்சிகள் எச்.ஐ.வி.யால் தொற்றப்பட்டாலும் நோயுறுவது அரிது. அவற்றின் மீதான ஆய்வுகளுக்கு ஆதரவளிப்பதை அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகம் 2015-இல் முடித்துக்கொண்டது. இது நல்ல முடிவு.

இயற்கையாகவே எஸ்.ஐ.வி.யோடு வாழும் சூட்டி மங்கபே குரங்குகள் வேறு வகையில் அரியவை. தாயின் ரத்தத்திலும் பாலிலும் வைரஸ் நிறைந்திருந்தும் குட்டிகளுக்குத் தொற்று ஏற்படுவது மிக அரிது. குட்டிகளின் சி.டி.4 செல்களில் சி.சி.ஆர்.5 ஏற்பி மிகக் குறைவாக இருப்பது, அதாவது வைரஸுக்கு இரையாகும் செல்களே குறைவாக இருப்பது, இதற்கு முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. "ஏன் தொற்றுகிறது" என்பதைவிட "ஏன் தொற்றவில்லை" என்று கேட்க விரும்புபவர்கள் இந்த மாதிரியின் தரவுகளைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

குட்டியை யார் வளர்க்கிறார்கள்?

ஆய்வறிக்கைகளின் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் கடந்துபோகும் செய்தி இது. முடிவையே மாற்றக்கூடியதும் இதுதான். பல ஆய்வகங்கள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பாலில் வளர்க்கின்றன. கையாள எளிது, வைரஸ் கொடுக்கும் நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும், தாய்க்குத் தொற்றும் அச்சம் இல்லை. ஆனால் தாய்ப்பால் குடித்த ரீசஸ் குட்டிகளும் புட்டிப்பால் குடித்த குட்டிகளும் வேறுபட்ட குடல் நுண்ணுயிர்களோடு வளர்கின்றன என்றும், தாய்ப்பால் குடித்தவற்றில் நினைவு டி செல்களும் (கிருமியை முன்பே சந்தித்தவை) குடல் சுவரைக் காக்கும் டி.எச்.17 வகைச் செல்களும் கூடுதலாக உருவாகின்றன என்றும் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி. முதலில் தாக்கும் இடம் குடல் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தாய்ப்பால் வழித் தொற்றை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு, தாய்ப்பாலே குடிக்காத குட்டிகளில் மட்டும் ஆராய்ந்தால், எந்தக் குடலைப் பற்றி நாம் பேசுகிறோம் என்ற கேள்வி எழும். முடிந்தவரை தாயோடு வளரும் குட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். முடியாதபோது, எல்லாக் குழுக்களும் ஒரே வகையில் வளர்க்கப்படுவதை உறுதிசெய்து, அந்த வரம்பை ஆய்வுச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வைரஸை எப்படி, எத்தனை முறை கொடுப்பது

தொற்றுள்ள தாய்க்குரங்கிடம் பால் குடிக்க விட்டுக் காத்திருப்பது இயற்கைக்கு நெருக்கமானது. ஆனால் எந்த நாளில் தொற்று நிகழும் என்று தெரியாததால் எதிர்ப்பாற்றலின் முதல் நாள்களை ஆராய முடியாமல் போகிறது. ஆகவே ஊசியில்லாத சிறு சிரிஞ்சால் வைரஸ் நீர்மத்தை வாயில் மெல்லச் சொட்டவிட்டு, குட்டி தானாக விழுங்கும்படி செய்கிறார்கள். குழாய் வழியாக நேரே இரைப்பைக்குச் செலுத்தினால் வாய், தொண்டைச்சதை ஆகிய இடங்களில் நடக்கும் நுழைவு தவறிப்போகும்.

ஒரே முறை பேரளவில் கொடுப்பதா, சிறிய அளவில் பல முறை கொடுப்பதா என்பது அடுத்த முடிவு. வைரஸ் பரவலின் முதல் நேரங்களையோ, தொற்றிய பின்னான எதிர்வினையையோ பார்க்க வேண்டுமானால் பேரளவு சரி. எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே நாளில் தொற்றுவது அங்கே தேவை. தடுப்பூசியின் திறனைச் சோதிக்கும்போதோ பேரளவு அநீதியானது. தாய்ப்பாலில் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வரும் வைரஸைத் தடுக்கவல்ல தடுப்பூசியை, ஒரே நாளில் வெள்ளமாக வரும் வைரஸின் முன் நிறுத்தித் தோல்வி என்று முத்திரை குத்திவிடுவோம்.

சிறு அளவில் வாரம் ஒருமுறை கொடுக்கும் முறையை ஒரு கணக்கோடு பார்ப்போம். ஒப்பீட்டுக் குழுவில் ஒவ்வொரு முறையும் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று கொள்வோம். 5 முறைக்குப் பின் 83 விழுக்காட்டுக் குட்டிகளும் 10 முறைக்குப் பின் 97 விழுக்காட்டுக் குட்டிகளும் தொற்றியிருக்கும். தடுப்பூசி அந்த வாய்ப்பைச் சரிபாதியாக, அதாவது 15 விழுக்காடாகக் குறைக்கிறது என்று கொண்டால், 5 முறைக்குப் பின் 56 விழுக்காடு, 10 முறைக்குப் பின் 80 விழுக்காடு. பத்தாம் முறையின் முடிவில் 97-ஐயும் 80-ஐயும் ஒப்பிட்டால், ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் மட்டுமே இருக்கும் ஆய்வில் வேறுபாடு இல்லை என்றே தோன்றும். எத்தனையாவது முறையில் தொற்றியது என்பதை அளவுகோலாகக் கொண்டால், சராசரி 3.3 முறையிலிருந்து 6.7 முறையாக இரட்டிப்பது கண்ணில் படும். ஆகவே "எத்தனை குட்டிகளுக்குத் தொற்றியது" என்பதை அல்ல, "தொற்றுவதற்கு எத்தனை முறை தேவைப்பட்டது" என்பதை முதன்மை அளவாக ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள்.

இந்த அளவுகோல் எதிர்பாராத தீங்கையும் காட்டிக்கொடுக்கும். காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய புதிய தடுப்பூசியையோ, பி.சி.ஜி. என்னும் வழக்கமான காசநோய்த் தடுப்பூசியையோ பெற்ற குட்டிகளில் எதிர்ப்பாற்றல் செல்களின் தூண்டல் நீடித்து, எஸ்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடக்கூடும் என்ற கவலை அப்படித்தான் எழுந்தது. தூண்டப்பட்ட சி.டி.4 செல்லே வைரஸின் இரை என்பதால், குழந்தைத் தடுப்பூசி ஆய்வில் எதிர்வினையின் வலிமையை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. தூண்டலையும் அளக்க வேண்டும்.

ஒரு குட்டியின் ரத்தக் கணக்கு

அரை கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். ஒரு முறையில் மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பரவலான விதி; அதன்படி கையில் கிடைப்பது 3 மில்லிலிட்டர், அதையும் ஈடுசெய்து மீள இரண்டு வாரங்கள் தேவை. இப்போது அதைப் பங்கிட்டுப் பாருங்கள். 3 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை மில்லிலிட்டர் பிளாஸ்மாவும், மூன்றிலிருந்து ஆறு மில்லியன் வெள்ளணுக்களும் தேறலாம். டி செல் எதிர்வினையை அளக்க, தூண்டாத செல், முழுதும் தூண்டிய செல், வைரஸின் உட்புறக் காக் புரதம், உறைப்புரதம் என நான்கு குழாய்களுக்குக் குழாய் ஒன்றுக்கு ஒரு மில்லியன் செல் என்றாலே நான்கு மில்லியன் போய்விடுகிறது. செல்லுக்குள் இருக்கும் வைரஸ் டி.என்.ஏ.வை அளக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

ஆகவே ரத்தம் எடுக்கும் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் அளக்கும் ஆசையைக் கைவிட்டு, அந்தந்த நாளுக்கு ஒரு முன்னுரிமை வரிசையை முன்கூட்டியே வகுத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரங்களில் வைரஸ் அளவுக்கு முதலிடம். அதற்குப் பின் டி செல். எதிர்ப்பொருளுக்கு மிகக் குறைந்த பிளாஸ்மா போதும் என்பதால் அது எப்போதும் உடன் செல்லலாம். பிளாஸ்மா குறைந்தால் கண்டறியும் வரம்பும் மாறும். ஒரு மில்லிலிட்டரில் செய்யும் சோதனையைக் கால் மில்லிலிட்டரில் செய்தால், கண்டறியத்தக்க மிகக் குறைந்த வைரஸ் எண்ணிக்கை நான்கு மடங்கு உயர்ந்துவிடும். "வைரஸ் தென்படவில்லை" என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அந்த நாளின் வரம்பையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

குட்டிகளில் எண்களை எப்படிப் படிப்பது

பிறந்த குட்டியின் ரத்தத்தில் உள்ள டி செல்களில் மிகப் பெரும்பான்மை இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காதவை. ரத்தத்தை மட்டும் பார்ப்பவர், வைரஸுக்கு இரை குறைவு என்று நினைப்பார். குடலிலோ, பிறந்த சில நாள்களிலேயே சி.சி.ஆர்.5 தாங்கிய நினைவு சி.டி.4 செல்கள் காணப்படுகின்றன. தொற்றிய சில வாரங்களில் அவை அழிவதும் அங்கேதான். எனவே ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை நிலையாக இருப்பதை எதிர்ப்பாற்றல் நிலையாக இருப்பதாகப் படிக்கக் கூடாது. குட்டிகளின் வெள்ளணு எண்ணிக்கை வயதோடு இயல்பாகவே இறங்குவதால், எண்ணிக்கையைவிட விழுக்காடு நம்பகமானது. அதோடு, தொற்றில்லாத, அதே வயதுள்ள குட்டிகளின் குழு ஒன்று எப்போதும் இணையாக வளர வேண்டும். செலவு கருதி இந்தக் குழுவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அதை வெட்டிய ஆய்வில் வயதின் விளைவையும் வைரஸின் விளைவையும் பிரிக்கவே முடியாது.

தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தத்தில் பல மாதங்கள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே எதிர்ப்பொருள் இருப்பதைக் குட்டியின் சொந்த எதிர்வினையாகக் கொள்ளக் கூடாது. காலப்போக்கில் குறைந்துவரும் கோடு மீண்டும் ஏறத் தொடங்கும் புள்ளியைத் தேடுங்கள், அல்லது நஞ்சுக்கொடியைக் கடக்காத ஐ.ஜி.எம். வகையை அளந்துகொள்ளுங்கள்.

மரபுக்கூறும் முடிவைத் திருப்பும். மாமு-ஏ*01, பி*08, பி*17 ஆகிய எதிர்ப்பாற்றல் மரபணு வகைகளைக் கொண்ட குரங்குகள் எஸ்.ஐ.வி.மேக்239-ஐ ஓரளவு தாமாகவே அடக்குகின்றன. அவற்றை முன்கூட்டியே சோதித்து, குழுக்களுக்குச் சமமாகப் பங்கிட்ட பின்னரே குலுக்கல் முறையில் பிரியுங்கள். குட்டியின் பாலினம், பிறந்த எடை, தாய் ஆகியவையும் அதே பட்டியலில் சேரும்.

மருந்தும் எதிர்ப்பொருளும் சேரும் ஆய்வுகள்

நெவிராபின், எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகளுக்கு எஸ்.ஐ.வி. இயல்பாகவே கட்டுப்படாது. குழந்தைகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்ட நெவிராபினைச் சோதிக்க வேண்டுமானால், அம்மருந்து குறிவைக்கும், எச்.ஐ.வி.யின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைப் பொருத்திய கலப்பு வைரஸ் தேவைப்படும். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்து குட்டிகளில் வைரஸை அடக்கவல்லது. அப்படி அடக்கப்பட்ட குட்டிகளை ஆராய்ந்தபோது, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத வகை சி.டி.4 செல்களிலும் வைரஸ் கணிசமாகப் பதுங்கியிருப்பது தெரிந்தது. பெரியவர்களில் நினைவு செல்களை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை குழந்தைக்குப் போதாமல் போகலாம் என்பதை இந்த ஒரு முடிவே சொல்லிவிடுகிறது.

நேரத்தின் அருமையை 2016-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு மாதக் குட்டிகளுக்கு வாய்வழியாக எஸ்.எச்.ஐ.வி. கொடுத்து, 1, 4, 7, 10-ஆம் நாள்களில் தோலுக்கடியில் எதிர்ப்பொருள்களைச் செலுத்தினார்கள். சிகிச்சை பெறாத குட்டிகளில் முதல் நாளிலேயே பல திசுக்களில் வைரஸ் பெருகிக்கொண்டிருந்தது. சிகிச்சை பெற்ற குட்டிகள் அனைத்தும் 6 மாதங்களுக்குப் பின் ரத்தத்திலும் திசுக்களிலும் வைரஸ் இன்றி இருந்தன. தொற்றிய செல்களை அழிக்கும் சி.டி.8 வகை டி செல்களை நீக்கிப் பார்த்தபோதும் வைரஸ் வெளிவரவில்லை. 2020-இல் அதன் தொடர்ச்சியாக, 30 மணி நேரத்தில் ஒரே ஒரு முறை எதிர்ப்பொருள் கொடுத்தால் போதும் என்றும், 48 மணி நேரம் தாமதித்தால் பாதிக் குட்டிகளிடம்தான் வைரஸ் அடங்குகிறது என்றும், அதே 48 மணி நேரத்தில் தொடங்கிய 21 நாள் கூட்டு மருந்தோ எல்லாக் குட்டிகளையும் காக்கிறது என்றும் தெரிந்தது. இடையில் இருப்பது 18 மணி நேரம். இத்தகைய ஆய்வைத் திட்டமிடுபவர் "முதல் நாள்", "இரண்டாம் நாள்" என்று எழுதக் கூடாது. வைரஸ் கொடுத்த நிமிடத்தையும் மருந்து கொடுத்த நிமிடத்தையும் குட்டிவாரியாகக் குறித்துவைக்க வேண்டும்.

சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கண்காணிக்கும் காலத்தைச் சுருக்கவும் வேண்டாம். பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட, 'மிசிசிப்பிக் குழந்தை' என்று அறியப்பட்ட அமெரிக்கக் குழந்தை எச்.ஐ.வி.யிலிருந்து குணமானதாக 2013-இல் உலகமே மகிழ்ந்தது. மருந்தின்றி 27 மாதங்கள் கழிந்த பின், 2014-இல் வைரஸ் திரும்பிவந்தது.

அனுமதி, பாதுகாப்பு, இறுதி நாள்

1959-இல் முன்வைக்கப்பட்ட மாற்று, குறைப்பு, மேம்பாடு என்னும் மூன்று நெறிகளும் அனுமதி விண்ணப்பத்தை நிரப்புவதற்கானவை மட்டுமல்ல. தொப்புள்கொடி ரத்தச் செல்களிலோ தொண்டைச்சதைத் திசு வளர்ப்பிலோ விடை கிடைக்கும் பகுதியை அங்கேயே முடித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் குட்டியிடம் செல்லுங்கள். வலி, தாயைப் பிரியும் துயரம், எடை இழப்பு ஆகியவற்றில் எந்த எல்லையில் ஆய்வை நிறுத்திக் குட்டியை வலியின்றி உயிர்நீங்கச் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு அமர்ந்து எண்களாக எழுதிவையுங்கள். அறிக்கை எழுதும்போது 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் நெறிமுறையைப் பின்பற்றுங்கள்.

மக்காக் குரங்குகளைக் கையாளுபவர்களுக்கு எஸ்.ஐ.வி.யைவிடப் பெரிய ஆபத்து, அவற்றில் இயல்பாக இருக்கும் பி வைரஸ் என்னும் ஹெர்பீஸ் வகை வைரஸ். 1997-இல் குரங்கின் உடல் நீர்மம் கண்ணில் தெறித்த ஆய்வகப் பணியாளர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். குட்டிதானே என்று கண் கவசத்தைக் கழற்றிவைப்பவரை உடனே தடுத்து நிறுத்துங்கள். குட்டியைப் பிடிக்கும்போது தாயும் அருகில்தான் இருக்கிறது.

இறுதி நாளில் எடுக்கப்போகும் திசுக்களை ஆறு மாதங்களுக்கு முன்பே பட்டியலிடுங்கள். தொண்டைச்சதை, கழுத்து நிணநீர்க் கணு, குடலின் வெவ்வேறு பகுதிகள், குடல்சார் நிணநீர்க் கணு, மண்ணீரல், தைமஸ், எலும்பு மஜ்ஜை, மூளை ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உறைநிலையிலும், ஒரு துண்டு நுண்ணோக்கிக்கான பதத்திலும், முடிந்தால் உயிருள்ள செல்களாக ஒரு பகுதியும் வேண்டும். குட்டியின் தைமஸ் பெரியது. நிணநீர்க் கணுக்களோ அரிசிமணி அளவே இருக்கும். கொழுப்பிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கப் பழகிய கை தேவை. எந்தத் துண்டு எந்த ஆய்வகத்துக்கு என்பதைக் குழாய்களின் மேல் முந்தைய நாளே ஒட்டிவைத்துவிட்டால், அன்று காலையில் அந்தச் சிறிய உடலிலிருந்து கிடைக்கும் எதுவும் வீணாகாது.